உன் கை மழையோ

"உன் கை மழையோ, உன் கை வெயிலோ" என்று பதினான்கு பேர் சேர்ந்து பாடினார்கள். நான் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்தேன். பாட்டு இன்னும் இரண்டு வரி தானாக ஓடிப்போய் நின்றது.

வோபர்ன் பகுதியில் ஒரு சமூக மண்டபம், சனிக்கிழமை மதியம். மறுநாள் நிகழ்ச்சி. மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் ஒத்திகைக்கு வந்திருந்தேன். பாட்டு நான் எழுதியது. மெட்டு என்னுடையது. சுவரில் வரிகளைக் காட்டும் கணினி நிரலும் நான் எழுதியது. அந்த நிரல் இப்போது எனக்கே வேறு பாட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அது 'உங்கை' எல்லோ," என்றேன். "உங்கை மழையோ, உங்கை வெயிலோ."

குழுவை நடத்தும் நிலாணி தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "உது திருத்தினது, அன்ரனெற் அக்கா. பிரவீண் திருத்தித் தந்தவர்."

பிரவீண் கோயம்புத்தூர்க்காரன். எங்களுக்குத் தபேலா வாசிப்பவன். நான் இல்லாத நேரத்தில் என் நிரலில் ஒரு பிழைதிருத்தியைச் சேர்த்திருக்கிறான்.

"ஸாரிக்கா. அப்படி ஒரு வார்த்தையே இல்லைன்னு காட்டுச்சு. டைப் பண்றப்ப தவறிருச்சுன்னு நினைச்சேன்."

அவன்மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. அவன் ஊரில் இங்கே உண்டு, அங்கே உண்டு. எங்கள் ஈழத்துப் பேச்சில் இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது: என்னோடு பேசுகிற நீ இருக்கும் இடம். உங்கை.

பகலில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் பீங்கான் பற்கள் செய்கிறேன். மிச்ச நேரத்தில் நிரல் எழுதுவேன், மெட்டுப் போடுவேன், வேற்று மொழிகள் படிப்பேன். அந்த இடத்தைப் போர்த்துக்கீசர் 'அயீ' என்பார்கள், ஜப்பானியர் 'சொகோ' என்பார்கள். அகராதியில் அவற்றைக் கண்ட நாட்களில் சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்தது.

இந்தப் பைத்தியங்களைப் பற்றித்தான் மூன்று வருடத்துக்கு முன் பாரிஸிலிருந்து என் அக்கா கிளடிஸ் போனில் சொன்னாள்: "கதைக்க ஆளில்லாதவள்தான் கொம்பியூட்டர்ப் பெட்டியோடை கதைப்பாள்." நான் போனை வைத்தேன். அவளும் பிறகு அழைக்கவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பாள். ஹலோ சொல்லமாட்டாள். "உங்கை மழையோ?" என்றுதான் தொடங்குவாள்.

நிகழ்ச்சி இணையத்தில் நேரடியாகப் போகும். அக்கா எங்கள் குழுவின் நிகழ்ச்சிகளைத் தவறாமல் பார்ப்பதாக மச்சாள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல் அவள் காதுக்குப் போனால் போதும் என்றிருந்தேன்.

"திரும்ப மாத்துங்கோ," என்றேன்.

"பாட்டுப் புத்தகமும் அடிச்சாச்சு அக்கா. மூண்டு கிழமையா உப்பிடித்தான் பழகினது. எல்லாரும் உந்த வரியைத்தான் புகழுகினம்."

முன்வரிசையில் நின்ற இராசரத்தினம் அங்கிள் தலையாட்டினார். "தொட்டால் மழை, தொட்டால் வெயில். அருமை, பிள்ளை. கனநாள் யோசிச்சு எழுதினனீரோ?"

"நான் எழுதவே இல்லை, அங்கிள்."

யாரோ சிரித்தார்கள். நிலாணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் காது சுட்டது.

"உது, உப்பிடி, உந்த. 'உங்கை'யின்ரை சொந்தங்களை ரெண்டு நிமிசத்துக்குள்ளை மூண்டு தரம் சொல்லிப்போட்டீர், நிலாணி. உம்மடை வாயிலை இருந்தால் சரி, சுவரிலை வந்தால் பிழையோ?"

"கதைக்கிறது வேறை, எழுதுறது வேறை. நாளைக்கு இந்தியாச் சனமும் வரும். அவைக்கு விளங்கவேணும்."

"கை எப்பிடி வெயிலாகும்? அது அவைக்கு விளங்குமோ?"

"அது கவிதை."

 சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ இருமினார்கள். ஒரு கதிரை இழுபட்டது. பிரவீண் தபேலாவில் வைத்த கையை எடுக்காமல் இருந்தான். வாயை விட்டுப் போகாத ஒரு சொல்லுக்கு எழுத்தில் இடமில்லை என்று தீர்ப்பளிக்க, அந்தச் சொல்லையே பேசும் ஒருத்திதான் வரவேண்டியிருக்கிறது.

மடிக்கணினியின் வயரைப் பிடுங்கினேன். சுவர் வெள்ளையானது.

"மற்றப் பாட்டுகளுக்கு நாளைக்கு வந்து வாசிப்பன். உதைப் பாடக்கூடாது."

"புத்தகத்திலை இருக்குதே அக்கா."

"அந்தப் பக்கத்தைக் கிழியுங்கோ."

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.  இனி எனக்காகப் பாட பதினான்கு பேர் இல்லை. போனை எடுத்தேன். பாரிஸில் இரவுச் சாப்பாட்டு நேரம்.

"ஹலோ," என்றாள் அக்கா. யாரோ அந்நியருக்குச் சொல்வதுபோல.

"உங்கை எண்டதை உன் கை எண்டு மாத்திப்போட்டாங்கள் அக்கா."

"எதை?"

"என்ர பாட்டிலை. 'உங்கை மழையோ' எண்டு எழுதினனான். உன் கை மழையோ எண்டு பாடிக்கொண்டு நிக்கினம்."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.  

"ஆர் மாத்தினது?" என்றாள். பள்ளிக்கூடத்தில் என் பின்னலை இழுத்தவளைத் தேடிப்போன அன்றைய குரல். "பேரைச் சொல்லு."

நான் பிரவீணை விட்டுவிட்டு நிலாணியின் பெயரைச் சொன்னேன்.