ஒன்பதாவது வளைவில் இறங்கியவர்கள்

மேல்முடி எஸ்டேட்டின் கால்பந்து அணி தொடர்ந்து மூன்றாவது வருடமாக இறுதிப் போட்டியில் தோற்றது. முதல் இரண்டு தோல்விகளைச் சுருளி எப்படியோ விழுங்கிக்கொண்டான். இந்தத் தடவை முடியவில்லை.

சுருளி ஜீப் ஓட்டுபவன். போடிமெட்டில் குடியிருக்கும் பெண்களைக் காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஜீப்பில் எஸ்டேட் அணியை ஏற்றிக்கொண்டு எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் போய்விடுவான். கோட்டுக்கு வெளியே நின்று அவன் போடுகிற சத்தத்தில் நடுவரே ஒருமுறை அவனை எச்சரித்திருக்கிறார்.

அன்று இறுதி ஆட்டம் மலைக்குக் கீழே போடியில், டவுன் அணியோடு. முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது மேல்முடிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அப்போது இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தார்கள். கேப்டன் பிரபாகரன் பந்தைத் தானே கொண்டுபோய்ப் புள்ளியில் வைத்தான்.

"கார்த்தி அடிக்கட்டும்! பந்த அவன்கிட்டக் குடுறா!" என்று சுருளி கத்தினான். மலையிலிருந்து வந்திருந்த அத்தனை பேரும் "கார்த்தி! கார்த்தி!" என்று பிடித்துக்கொண்டார்கள். கார்த்தி பிரபாகரனிடம் ஏதோ சொன்னான். பிரபாகரன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு நகர்ந்துகொண்டான்.

கார்த்தி அடித்த பந்து உருண்டு போய் கோல்கீப்பரின் கையில் உட்கார்ந்தது.

"ஏலக்கா பொறுக்கப் போங்கடா!" என்று டவுன்காரர்கள் சிரித்தார்கள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு சுருளியின் ஜீப்பைச் சுற்றி ஆடினார்கள். ஒருவன் பானெட்டில் தாளம் போட்டான்.  சுருளி ஸ்டியரிங்கை நெரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப் மலை ஏறியது. முன்சீட்டில் கார்த்தியின் அம்மா ராக்கு, பின்னால் பிதுங்கிக்கொண்டு பையன்கள். ஒன்பதாவது வளைவில் யாரோ எதற்கோ லேசாகச் சிரித்தார்கள். சுருளி ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினான்.

"எவன்டா சிரிச்சது? கார்த்தி, எறங்குடா கீழ."

"அண்ணே, நான் சிரிக்கல."

"எறங்குடான்னேன்! மூணு வருசமா ஒங்களத் தூக்கிச் சொமக்குறேன். ஒறங்குற பிள்ளைக்குப் போர்வ போத்துற மாதிரி ஒரு அடி அடிக்கிற. வெக்கமா இல்ல? நடந்து வா. அப்பத்தான் ஒறைக்கும்."

"அண்ணே, பொழுது சாயுது," என்றான் பிரபாகரன்.

"சாயட்டும்."

கார்த்தி இறங்கினான். இறங்கும்போது ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் ஊன்றினான். ராக்கு மகனைப் பார்த்தாள். பிறகு சுருளியைப் பார்த்தாள். காலடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு அவளும் இறங்கினாள்.

"ராக்கக்கா, ஒன்னைய நான் எறங்கச் சொல்லல."

"எம்மவன் நடந்தா நானும் நடப்பேன். நீ போ."

அடுத்து பிரபாகரன் குதித்தான். ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கூப்பிட்டால் ஏறியிருப்பார்கள். ஆனால் அந்தக் கோபத்தில் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. காலி ஜீப்பை ஒரு உறுமு உறுமவிட்டு மெட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். ஒரு மணி நேரம் கழித்து, மூணாறுக்குக் காய்கறி ஏற்றிப்போன லாரி ஒன்று அவர்களைக் கொண்டுவந்து இறக்கியது. கார்த்தியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போவதைச் சுருளி டீக்கடையிலிருந்து பார்த்தான். நடிக்கிறான் என்று நினைத்தான்.

திங்கட்கிழமை காலை அவன் ஹாரன் அடித்தும் ஒரு பெண்ணும் வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்றிருந்த சிவக்குமாரின் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா, எடமில்லாம எதுக்கு அதுல ஏறுறீக? இங்க வாங்க!"

"ஒன் ஜீப்புல ஏறி, பாதியில எறங்கி நடக்கவா?" என்றாள் ஜக்கம்மாள். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுருளிக்கு மண்டைக்குள் தீப்பிடித்தது போலிருந்தது. இதற்கெல்லாம் அந்தப் பயல்தான் காரணம் என்று நேரே கார்த்தியின் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே கத்த ஆரம்பித்தவன், உள்ளே பார்த்ததும் நிறுத்தினான். கார்த்தி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வலது பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. செருப்பு நுழையாது.

"வண்டி கெடைக்காமத்தான் இருக்கோம்," என்றாள் ராக்கு. "ஆஸ்பத்திரிவரைக்கும் கொண்டுபோய் விடு. அதுக்காக ஒங்கிட்டப் பேசுறேன்னு நெனைக்காத."

இருவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். முன்சீட்டு காலியாகவே இருந்தது. போடி ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் ஜீப் நின்றது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பாதத்தில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்றார். ஆட்டத்தில் மிதி வாங்கியபோதே விட்டிருக்கும், அதன் மேல் மலையும் ஏறியதில் பெரிதாகியிருக்கிறது, ஆறு வாரம் கட்டு என்றார். கார்த்தியின் காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சுருளி வெடித்தான்.

"கிறுக்குப் பயலே! இந்தக் காலோட எதுக்குடா அடிக்கப் போன? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

கார்த்தி முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "சொன்னேன்ல! பிரபாகரன்கிட்டச் சொன்னேன், என்னால ஊன முடியல, நீயே அடின்னு. நீங்க போட்ட சத்தத்துல அவன் என்ன செய்வான்? நான் அடிக்கலைன்னா மெட்டுக்குள்ள எங்களத் தலகாட்ட விட்டிருப்பீங்களா?"

நர்சு சத்தம் போடாதீர்கள் என்றாள். சுருளி வராந்தாவுக்குப் போனான். யாரையாவது நாலு வார்த்தை ஏச வேண்டும் போல் கொதித்தது. ஏசுவதற்கு அங்கே அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஒன்பது நாள் அவன் ஜீப் காலியாகவே ஓடியது. பத்தாம் நாள் காலை ராக்கு வந்து ஏறினாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் ஏறினார்கள்.

"ராக்கக்கா, காலு எப்பிடியிருக்கு அவனுக்கு?"

"சோலியப் பாரு. வெரசா எடு வண்டிய," என்றாள் ராக்கு. அவன் முகத்தை அவள் அன்றும் பார்க்கவில்லை.