பள்ளத்துப் பக்கம்

...சும்மா கேட்பானா ஒருத்தன், வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகும் 'இந்த ஒசரத்துலயே வைக்கப் போறீகளாண்ணே, இல்ல இறக்கப் போறீகளா' என்று கேட்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது, என்று நினைத்தான் மகாராஜன். கடைக்கார மனோஜ் மேசைமேல் இரண்டு ஷாக் அப்சர்பரை எடுத்து வைத்திருந்தான், நீளமானது உயர்த்திய வண்டிக்கு, குட்டையானது கம்பெனி உயரத்துக்கு. எதுவென்று சொல்ல வேண்டுமாம். வாசலில் நிற்கிறதே அவனுடைய பழைய ஃபோர்வீல் பிக்கப், ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் கட்டை கொடுத்து, பெரிய டயர் மாட்டி, மலைப்பாதையில் எந்தப் பாறையும் அடியைத் தொடாதபடி தூக்கி நிறுத்திய வண்டி, போடியில் ஏலக்காய்க் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் நாலு பேர் அண்ணாந்து பார்ப்பார்களே... அதைப் போய் இறக்குவதாம். யார் ஓதிவிட்டிருப்பார்கள் இவன் காதில்? வீரணன்தான், வேறு யார். அவன் ஜீப்பும் தினம் காலையில் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறது, இவன் வண்டியும் ஏற்றுகிறது. காய் எடுக்கப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிவருகிற பேச்சி நேற்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள், 'வண்டி ரொம்ப ஆடுது அப்பு, வெரசா சரி பண்ணு, இல்லன்னா திங்கக்கெழமைலருந்து நாங்க வீரணன் ஜீப்புல ஏறிக்கிறோம்' என்று. அத்தனை பேரும் போய்விட்டால் அப்புறம் இந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வாசலில் நிறுத்தி அழகு பார்ப்பதா?

வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்த மெக்கானிக் ராக்கையா தலையை மட்டும் வெளியே நீட்டினான். 'அண்ணே, பின்னாடி எடது பக்க ஷாக்குதான் எண்ணெய் கக்கிருச்சு, வலது பக்கம் கல்லு மாதிரி இருக்கு. ஆளுகள ஒரே பக்கமா ஏத்துறீகளா?' வந்துவிட்டான் அடுத்தவன்... ரெண்டையும் போன வருஷம் ஒரே நாளில் மாட்டியவன் இவன்தானே, ஒன்று மட்டும் போவானேன், ஒன்று அசல், ஒன்று டூப்ளிகேட், அதை மறைக்கத்தான் பழியை ஆளுகள் மேல் போடுகிறான். 'ரெண்டு பக்கமும் உக்கார பலகை போட்ருக்கேன்டா, கண்ணு தெரியலையா' என்றான் மகாராஜன். சாயங்காலம் அந்தப் பெண்கள் குறுக்குப்பாதையில் நடந்து இறங்கிவிடுவார்கள், வண்டியில் மூட்டைதான், அதுவும் நட்டநடுவில். அப்புறம் எப்படி ஒரு பக்கம்? வர வர யாரைத்தான் நம்புவது, வீட்டிலேயே ஆயிரம் இருக்கிறது. இவன் பெண்டாட்டி பொற்கொடியும் அந்தப் பெண்களோடு காய் எடுக்கப் போகிறவள்தான், முன் சீட்டில் இவன் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள், இந்த மழையில் ஒருநாள் தோட்டத்து மண்ரோட்டு வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது, லேசாகத்தான், ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே 'டீசல் நாத்தம் கொமட்டுது' என்று பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குமட்டாத டீசல் இப்போதுதான் குமட்டுகிறதா? பேச்சியும் அவளும் தார்ப்பாய்க்குள்ளே என்னதான் பேசுகிறார்கள், பிரேக் போட்டால் சத்தம் நின்றுவிடுகிறதே... தைப்பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் சேலையையும் காணோம், கேட்டால் கிழிஞ்சு போச்சு என்கிறாள், அண்ணன் பொண்டாட்டிக்குத் தூக்கிக் கொடுத்திருப்பாள், தெரியாதா அவனுக்கு.

பலகை ரெண்டும் சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டி ராக்கையாவின் மூக்கை உடைக்கத்தான் பின்னால் ஏறினான், தார்ப்பாயை விலக்கினான். வலது பலகையில் அவன் அடித்த பச்சைப் பெயின்ட் அப்படியே புதுசாக இருந்தது, மேலே மழைக்கோட்டுகளும் தூக்குவாளி வைத்த வட்டத் தடங்களும். இடது பலகை பெயின்ட் போய், மரம் தேய்ந்து வழவழவென்று மின்னியது. இத்தனை பேரும் இந்த ஒரு பலகையிலா, ஒருத்தி மடியில் ஒருத்தியா... ஏன்? மண்ரோட்டில் மேலே போகும்போது இடது பக்கம் மலை. வலது பக்கம் பள்ளம். வண்டி வழுக்கினால், மலைப் பக்கம் என்றால் சட்டென்று குதித்துவிடலாம். இடது கம்பியில் என்னவோ சுற்றியிருந்தது, சோற்றுப்பையைக் கட்ட என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான், குனிந்து பார்த்தான், மாம்பழக் கலர்... நீளநீளமாகக் கிழித்து, ஒவ்வொருத்திக்கும் கை நுழைகிற அளவுக்கு வளையம் வளையமாக முடிச்சுப் போட்டிருந்தாள் பொற்கொடி. அவனுக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவளுக்குப் போனைப் போட்டான். 'புது ஷாக்கு வாங்குறேன்த்தா, இனி ஆடாது. நாளைக்கு முன்னாடி உக்காரு, என்ன?' அவள் திருப்பிக் கேட்டாள், 'ஒசரத்த இறக்குறீகளா?' மனோஜ் கேட்ட அதே கேள்வி. இவளிடமும் வீரணன் ஓதிவிட்டானா என்று ஒரு நொடி பழைய புத்தி எழும்பத்தான் செய்தது, கை அந்த முடிச்சின் மேல் இருந்ததால் அது அதற்கு மேல் வளரவில்லை. எல்லோரையும் இவன் சந்தேகப்பட்டுக்கொண்டு வண்டி ஓட்ட, அந்தப் பெண்களும் இவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டே, ஆனாலும் தினம் காலையில் ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். ஸ்டியரிங் வலது பக்கம். அப்படியென்றால் அந்த ரோட்டில் பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்து போனது இவன் ஒருத்தன் மட்டும்தானா... 'என்னங்க, இருக்கீகளா?' என்றாள் போனில். கடைக்குள்ளிருந்து மனோஜ் இரண்டையும் கையில் தூக்கிக் காட்டினான். 'அண்ணே, நீளமா, குட்டையா?' மகாராஜன் வண்டியின் மேலிருந்து தரையைப் பார்த்தான், இவ்வளவு உயரத்திலிருந்து அவர்கள் எப்படிக் குதிப்பார்கள் என்று.