மறதியக்காவின் வாக்குமூலம்

மேலாளர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் மறதியக்கா முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுடைய மெஷினில் இந்நேரம் வேறு யாரையாவது உட்கார வைத்திருப்பார்கள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த புருஷனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த ஒரு வேலைதான் சோறு போடுகிறது.

அந்தப் பெயரை அவளுக்கு யாரும் சூட்டவில்லை. சேர்ந்த புதிதில் டிபன் பாக்ஸ் மூடியைத் தொலைத்துவிட்டு, தான் ஒரு மறதிக்காரி என்று அவளே சொல்லிச் சிரித்தாள். தையல் லைனே சிரித்தது. அப்புறம் அது வசதியாகிவிட்டது. யாராவது திட்ட வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். திட்ட வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். பதினோரு வருஷமாக இதே கதைதான். நிஜப் பெயர் லைனில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஊசி விஷயத்தில் மட்டும் அங்கே விளையாட்டு கிடையாது. குழந்தைச் சட்டை தைக்கிற இடம். ஊசி உடைந்தால் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கொடுக்க வேண்டும். இப்போது காலரில் ஊசி முனை இருந்ததாக ஒரு சட்டை திரும்பி வந்திருந்தது. போன மாதப் பக்கத்தில் அவள் மெஷினுக்கு நேரே அடித்துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. முனை இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். சூப்பர்வைசரும் நின்றிருந்தார். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தவள், பழக்க தோஷத்தில், "நான் மறதிக்காரிதான் சார், ஆனா..." என்று ஆரம்பித்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"முனை கிடைக்கலன்னு இவர்கிட்ட சொன்னேன் சார். தச்ச சட்டைங்க இருந்த பண்டிலையும் தனியா எடுத்து வெச்சேன். லாரி நிக்குதுன்னு இவர்தான் புது ஊசியக் குடுத்துட்டு அதத் தூக்கிட்டுப் போனாரு."

சூப்பர்வைசர் குரலை உயர்த்தவே இல்லை. "முனை கெடச்சிருச்சு, அப்புறமா ஒட்டறேன்னுதான சொன்னீங்க? மறந்திருப்பீங்கக்கா."

பக்கத்து மெஷின்காரியை வரச்சொன்னார்கள். அன்றைக்கு இவளோடு சேர்ந்து தரையில் தவழ்ந்து தேடியவள். அவள் சூப்பர்வைசரை ஒருதரம் பார்த்தாள். தனக்குச் சரியாகத் தெரியாது என்றும், அக்காவுக்குக் கொஞ்சம் மறதி உண்டு, அதை அக்காவே சொல்வார் என்றும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதுவரை தெளிவாக இருந்த காட்சி மறதியக்காவுக்குள் ஆட்டம் காணத் தொடங்கியது. பண்டிலை அவர் தூக்கிக்கொண்டு போனது அன்றைக்குத்தானா, வேறு நாளா? இத்தனை பேர் சொல்கிறார்கள். தானும்தான் இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாள். வேலை போய்விடும் என்பதைவிட, தன் தலைக்குள் இருப்பதையே நம்ப முடியாமல் போனது அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

மேலாளர் தன்மையாகத்தான் பேசினார். வேண்டுமென்றே மறைத்ததாக எழுதினால் வேறெந்தக் கம்பெனியும் சேர்க்காது; மறதி என்று எழுதிக்கொடுத்தால் இங்கே வேலையை விட்டு நிற்பதோடு போய்விடும் என்றார். அவள் தலையாட்டினாள். அவரே மளமளவென்று எழுதி வாசித்துக் காட்டினார்.

"தேதி பன்னெண்டு இல்ல சார், பதினொண்ணு. வியாழக்கிழமை," என்றாள். "மதியமும் இல்ல. பத்தரை டீக்குப் பெல் அடிக்கறதுக்கு முன்னாடி. பண்டில் நம்பர் இருநூத்திப் பதினாறு. நீங்க இருநூத்தி அறுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

மேலாளர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலாளர் மூன்று இடத்திலும் அடித்துத் திருத்தினார். பிறகு 'என் மறதியால் நேர்ந்தது' என்ற வரிக்குக் கீழே விரலை வைத்து, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.