எல்லாரும் போட வேண்டிய தொப்பி

போன மாசியில் என் மகள் மதுஷிகா மூன்று நாள் சுவரில் தலையை அடித்துக்கொண்டாள். காதில் சீழ் வடிந்த பிறகுதான் காதுநோ என்று எங்களுக்குத் தெரிந்தது. ஏழு வயது, ஓட்டிசம். நோகுது என்று சொல்ல வாயும் வராது, காட்டக் கையும் வராது. பாட்டும் வேண்டாம், செபமும் வேண்டாம், அந்த ஒன்றைச் சொன்னால் எனக்குப் போதும்.

அதற்காகத்தான் எங்கள் கடற்கரை ஊரான வங்காலையிலிருந்து பஸ் ஏறி, உப்புக்குளத்தில் புதிதாகத் தொடங்கிய சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். டொக்டர் சிவதர்சினி ஒரு தொப்பியைக் காட்டினார். உள்ளே இரண்டு பஞ்சு. அதன் வழியாக மிக மெல்லிய கரன்ற், மின்சாரம்தான், தலைக்குப் போகுமாம். வெட்டுக்கொத்து இல்லை.

“பேச்சு வருமெண்டு நான் வாக்குத் தரமாட்டன். இது இன்னும் ஆராய்ச்சிதான். இருபது நாள், ஒவ்வொரு நாளும் இருபது நிமிசம் பிள்ளை இதோட இருக்கவேணும். பஞ்சு உப்புத் தண்ணியில நனைச்சிருக்கும். வீட்டில பழக்கிக்கொண்டு வாங்கோ.”

“கொண்டு வாறன்,” என்றேன். தலையில் பூ வைக்கவே விடாத பிள்ளை.

வங்காலைக்காரிக்கு உப்புத் தண்ணீர் என்றால் வேறென்ன? என் மனுசன் றொட்னி கடலால் வரும்போது ஒரு கலன் அள்ளி வந்தார். துணித் தொப்பிக்குள் பஞ்சை வைத்துத் தைத்தேன். போட்டேன், பிய்த்தெறிந்தாள். திரும்பவும் போட்டேன், கையைக் கடித்தாள். பக்கத்து வீட்டு எடித் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“ஏன் பெற்றிசியா பிள்ளையை வதைக்கிறாய்? ஆண்டவர் தந்ததை அப்படியே வைச்சிரு.”

“காதுநோவையும் அவர்தான் தந்தவர். மருந்து விட்டனான்தானே?”

நாலாம் நாள் ஆத்திரத்தில் தொப்பியை என் தலையிலேயே மாட்டினேன். மதுஷிகா அசையாமல் பார்த்தாள். றொட்னிக்கும் மாட்டினேன். அந்த மனுசன் காதோரம் தண்ணீர் வடிய வடியச் சோறு தின்றார். பிறகு அவளாகவே தலையை நீட்டினாள். அன்றிலிருந்து அதுதான் சட்டம், இருக்கிற எல்லாரும் போட்ட பிறகுதான் அவள். சீனி கேட்டு வந்த எடித் அக்காவும் தப்பவில்லை.

குறித்த நாளில் டொக்டர் அவளுடைய தலைமயிரை விலக்கிப் பார்த்தார்.

“தோல் சிவந்து கிடக்கு. என்ன தண்ணி பாவிச்சனீங்கள்?”

“கடல்தண்ணி.”

“ஐயோ பெற்றிசியா! எங்கட தண்ணியில கண்ணீரளவு உப்புத்தான். கடல் நாலு மடங்கு. இந்தத் தோலில நான் கரன்ற் விடமாட்டன். பத்து நாளில புண் ஆறாட்டி அடுத்த பிள்ளைக்குத்தான் இடம்.”

என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் அழுதேன், வங்காலையில் இறங்கியதும் நிறுத்திவிட்டேன். பத்து நாளும் தலைக்குத் தேங்காயெண்ணெய், பஞ்சுக்குக் கிணற்றுத் தண்ணீர். தொப்பியை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.

பதினோராம் நாள் தோல் தெளிந்திருந்தது. டொக்டர் தொப்பியை நீட்ட, மதுஷிகா தலையை இழுத்துக்கொண்டாள்.

“விருப்பமில்லைப் போல. வற்புறுத்தேலாது,” என்றார் டொக்டர்.

மதுஷிகா தொப்பியைப் பறித்து என்னிடம் தந்தாள். போட்டேன். அதை என் தலையிலிருந்து கழற்றி, டொக்டருக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

“நீங்களும் போடவேணும், டொக்டர். எங்கட வீட்டுச் சட்டம்,” என்றேன்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். தண்ணீர் கழுத்தால் வடிந்து சட்டைக்குள் இறங்கியது. மதுஷிகா அதைத் திரும்ப வாங்கி, கதிரையில் ஏறி இருந்து, தானே போட்டுக்கொண்டாள்.

தனக்கு வேண்டியதை என் மகள் ஒரு வெளியாளிடம் கை நீட்டிக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“இப்ப விடுங்கோ கரன்றை,” என்றேன்.