கன்னர் தீவு ஓட்டுப் போட்ட நாள்: ஒரு திருத்தம்

1

தேர்தலுக்கு மறுநாள் பத்திரிகையில் எங்கள் தீவைப் பற்றி ஒரு வரி வந்தது: "கன்னர் தீவில் வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது."

ஒரே வரியில் இரண்டு பிழை. வாக்குப்பதிவு தீவில் நடக்கவில்லை. அமைதியாகவும் நடக்கவில்லை. திருத்தம் போடச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கடிதம் நாலு பக்கம் போய்விட்டது. நாலு பக்கக் கடிதத்தை எந்தப் பத்திரிகையும் போடாது. அதனால் இதைக் கதை என்று சொல்லிக்கொள்கிறேன்.

முதல் தொடக்கம்: கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில், நவம்பர் மாதக் கடல் கோபத்தோடு—

அடித்துவிட்டேன். கடலுக்குக் கோபம் கிடையாது. கோபம் எங்களுக்குத்தான்.

இரண்டாவது: ஜனநாயகம் என்பது—

இதையும் அடித்தாயிற்று. டிரிஃபி படித்தால் சிரிப்பாள்.

மூன்றாவது: அரசாங்கம் எங்களுக்கு ஒரு வேலி கட்டிக் கொடுத்தது.

இது நிற்கும்.

2

படகுத்துறை மத்திய அரசின் சொத்து. மூன்று பனிக்காலத்துக்கு முன் அதன் தூண்கள் சரிந்தன. தலைநகரிலிருந்து ஆள் வந்தார்கள், அளந்தார்கள், சுற்றிலும் கம்பி வேலி போட்டு 'அபாயம், உள்ளே வராதீர்' என்று பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். நல்ல பலகை. இன்றுவரை ஓர் ஆணி கழலவில்லை.

தூண்கள் சரிவதற்கு முன், போன தேர்தலின்போது, பிரதமரே வந்திருந்தார். அதே துறையில் நின்று ஒரு தட்டு பொரித்த காட் மீன் நாக்கைச் சாப்பிட்டார். "இந்தத் துறைக்கு நான் பொறுப்பு" என்றார். பொறுப்பு என்ற சொல்லுக்கு அவர் ஊரில் என்ன அர்த்தமோ தெரியவில்லை. அதற்குப் பிறகு டாக்டர் வருவது நின்றது. செப்டம்பரில் ஃபெரியும் நின்றது. பெரிய படகுகள் நண்டை எங்கள் பதப்படுத்தும் ஆலைக்குக் கொண்டுவராமல் எதிர்க்கரையில் இறக்கத் தொடங்கின. வசந்தத்துக்குள் துறை வேலை தொடங்காவிட்டால் ஆலையைப் பூட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பூட்டினால் எழுபது பேருக்கு வேலை போகும். தீவில் வேறு வேலை கிடையாது.

இந்தத் தேர்தலுக்கு இன்னொன்றும் செய்தார்கள். ஓட்டுப்பெட்டியை இறக்கப் பத்திரமான துறை இல்லை என்று காரணம் காட்டி, தீவின் வாக்குச்சாவடியை எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

(இது என் கற்பனையாக இருந்தால் கொஞ்சம் நம்பும்படி எழுதியிருப்பேன்.)

3

டிரிஃபிக்கு அறுபத்திரண்டு வயது. ஆலையில் நண்டுக்கால் உடைக்கும் வரிசையில் பத்தொன்பது வருஷம் என் பக்கத்தில் நின்றவள். நான் ஆறு வருஷத்துக்கு முன் எதிர்க்கரைக்குக் குடிவந்துவிட்டேன், அவள் அங்கேயே இருக்கிறாள். குள்ளம், அகலம், பெரிய குரல்.*

* இந்த வரியைப் போனில் படித்துக் காட்டினேன். "அகலத்த எடுத்துடு வெர்னா, இல்ல உன் மூக்கப் பத்தியும் எழுது" என்றாள். என் மூக்கு பெரிசு. அகலம் இருக்கட்டும்.

நவம்பர் ஐந்து எங்களுக்கு நெருப்பு நாள். உடைந்த நண்டுக்கூடு, பழைய டயர், மீன்பெட்டி எல்லாவற்றையும் கடற்கரையில் குவித்துக் கொளுத்துவோம், ஊரே சுற்றி நிற்கும். அந்த வாரம்தான் பதினேழாம் தேதித் தேர்தலுக்கான வாக்காளர் அட்டை தபாலில் வந்திருந்தது. டிரிஃபி தன் அட்டையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, எல்லாரும் பார்க்க நெருப்பில் போட்டாள். இவனுக்கும் வேண்டாம் அவனுக்கும் வேண்டாம், எவன் வந்தாலும் வேலிதான் போடுவான் என்றாள். அவளைப் பார்த்து எல்லாரும் போட்டார்கள். வீட்டுக்குப் போய் எடுத்துவந்து போட்டவர்களும் உண்டு.

போடாதவர் ஒருவர், ஹெட்லி. எழுபத்தொரு வயது, துறையின் மேற்பார்வையாளராக இருந்தவர். துறையைக் கட்டச் சொல்லித் தலைநகருக்கு இருபத்தாறு கடிதம் எழுதியவர். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். டிரிஃபி எல்லார் முன்னாலும் அவரைப் பிரதமரின் வால் என்றாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

(ஹெட்லி மேல் எனக்கே சந்தேகம். கதையில் இவ்வளவு பொறுமைசாலி வந்தால் நானே நம்பமாட்டேன். ஆகவே இதையும் சேர்க்கிறேன்: அவர் பக்கத்து வீட்டு எல்லையில் இரண்டடி தள்ளி வேலி போட்டவர், கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்டுக் காலை ஆறு மணிக்கே கதவைத் தட்டுபவர். இப்போது நம்பலாம்.)

நாலு நாள் கழித்து எங்கள் எம்.பி., பிரதமரின் கட்சிக்காரர், வானொலியில் பேசினார். கன்னர் தீவில் மக்கள் கோபமாக இருக்கிறார்களாமே என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். "அவங்க அட்டையையே எரிச்சுட்டாங்க. எனக்குப் படகுச் செலவு மிச்சம்."

ஆலையில் அன்றைக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார்களாம். கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு டிரிஃபி சொன்னது ஒன்றுதான்: "தப்பு என்னுது. நான் வாயத் திறந்தேன், அவனுக்குச் சிரிப்பு வந்துது. பதினேழாந்தேதி எல்லாரும் படகுல ஏறுங்க."

4

பதினேழாம் தேதி எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. வாக்குச்சாவடியில் தீவு மேஜைக்கு ஒருநாள் எழுத்தராக என்னைப் போட்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு ஜாய்ஸ், தலைநகர்ப் பக்கத்துப் பெண். தப்பான ஆள் இல்லை, சட்டப் புத்தகத்தை மடியில் வைத்திருக்கும் ஆள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஐந்து படகில் எண்பத்தோரு பேர் வந்து இறங்கினார்கள். துறை இல்லாததால் தீவுக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, சின்னப் படகில் ஏறி, அதிலிருந்து பெரிய படகுக்குத் தாவி வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத் தரையெல்லாம் உப்புத் தண்ணீர். முன்னால் டிரிஃபி. இந்த இடத்தில் இசை வேண்டும் போலிருக்கிறது, எழுத்தில் வைக்க வழியில்லை.

பிறகு என் மேஜைக்கு வந்தார்கள். நான் சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டேன்: பெயரும் வீட்டு முகவரியும் உள்ள சான்று.

எங்கள் தீவில் தபால் வீட்டுக்கு வராது. எல்லாருக்கும் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி. ஓட்டுநர் உரிமத்திலும் அந்தப் பெட்டி எண்தான் இருக்கும். முகவரி என்றால் வீடு இருக்கும் இடம், பெட்டி செல்லாது. வீட்டு எண் அச்சிட்ட தாள்களில் எல்லாரிடமும் இருந்தது ஒன்றுதான். வாக்காளர் அட்டை.

அதைத்தான் எரித்துவிட்டார்கள்.

எண்பத்தோரு பேரையும் எனக்குத் தெரியும். யார் யாருக்கு எந்தப் பல் இல்லை என்பதுவரை தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு யாரையும் தெரியக் கூடாது. கதை எழுதும்போதும் இதே தொல்லைதான். டிரிஃபியை எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? உங்களுக்கு நம்பிக்கை வர இன்னொருவர் சாட்சி வேண்டும்.

5

சாட்சிக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. ஜாய்ஸே புத்தகத்தைப் புரட்டிச் சொன்னாள். சரியான தாள் உள்ள ஒரு வாக்காளர், அதே சாவடியைச் சேர்ந்த ஒரே ஒருவருக்கு, இவரை எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஒருவருக்கு ஒருவர்தான். இரண்டாமவருக்குச் சொல்ல முடியாது.

தாள் யாரிடம் இருக்கிறது? வீட்டு எண் போட்ட கரண்ட் பில் தன் பெயரில் உள்ளவர்களிடம். போனில் பில்லைத் தேடினார்கள், பள்ளிக்கூட அச்சு இயந்திரம் சூடேறி ஒருமுறை நின்றது. கடைசியில் நாற்பது பேரிடம் பில் இருந்தது. நாற்பத்தோரு பேரிடம் இல்லை.

ஜோடி சேர்த்தோம். புருஷன் பெண்டாட்டிக்குச் சுலபம். மற்றவர்கள் தேடினார்கள். ரோஸல்லா என்பவள், பதினோரு வருஷத்துக்கு முன் பிரிந்து போன புருஷன் கிளாரன்ஸுக்குச் சாட்சி சொன்னாள். இவரைத் தெரியுமா என்று ஜாய்ஸ் கேட்டதற்கு, "என் கெட்ட நேரம், தெரியும்" என்றாள். ஏணிக்காரர் ஹெட்லியின் பக்கத்து வீட்டுக்காரன், பேசாத மச்சானுக்குக் கையெழுத்துப் போட்டான். வரிசை முழுக்கச் சிரிப்பு. நாற்பது ஜோடியும் முடிந்தது.

மிச்சம் நின்றவள் டிரிஃபி. அவள் வீட்டுக் கரண்ட் பில் இன்னும் புருஷன் பெயரில் வருகிறது. ஆம்ப்ரோஸ் செத்து ஒன்பது வருஷம். மாற்ற மனசு வரவில்லை.

என்னால் சாட்சி சொல்ல முடியாது, குடிமாறியதால் என் ஓட்டு இப்போது வேறு சாவடியில். டிரிஃபி என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

மற்ற எண்பது பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இவள் போடாமல் ஒருத்தரும் படகேற மாட்டார்களாம். வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது.

6

(இங்கே முதலில் ஒரு பொய் எழுதியிருந்தேன். டிரிஃபி ஓடிப்போய் ஹெட்லியிடம் மன்னிப்புக் கேட்பதாக. அவள் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆளும் இல்லை.)

ஹெட்லி காலையிலேயே தன் சொந்தப் படகில் தனியாக வந்து, எரிக்காத அட்டையைக் காட்டி ஓட்டுப் போட்டிருந்தார். போட்டவர் திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூட நடையில், ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில், முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காதில் எல்லாம் விழுந்திருக்கிறது.

எழுந்து வந்தார். டிரிஃபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜாய்ஸ் படிவத்தைப் படித்தாள். "இந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா," என்றார் ஹெட்லி. "அம்பது வருஷமா தெரியும். இவ வீடு எங்கன்னு தெரியும், எந்தக் கதவு ஒட்டிக்கும்னு தெரியும். பன்னெண்டு நாளைக்கு முன்ன என்னையப் பிரதமரோட நாய்னு சொன்னவ இவதான். அதையும் எழுதிக்கிறியாம்மா?"

"அதுக்குக் கட்டம் இல்ல சார்."

"நாய்னு நான் சொல்லல," என்றாள் டிரிஃபி, சுவரைப் பார்த்துக்கொண்டே. "வாலுன்னு சொன்னேன்."

ஹெட்லி கொஞ்சம் யோசித்தார். "ஆமா. வாலுதான். நான் தப்பா சொல்லிட்டா சத்தியம் செல்லாமப் போயிரும்."

கையெழுத்துப் போட்டார்.

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது. உன் பூட்ஸ் முழுக்கத் தண்ணி, போய்ச் சீக்கிரம் ஓட்டப் போடு என்றார் ஹெட்லி. தெரியும் அண்ணே என்றாள் டிரிஃபி. பன்னிரண்டு நாளில் அவரை அண்ணே என்றது அப்போதுதான். தரையில் உட்கார்ந்திருந்த எண்பது பேரும் எழுந்து, ஈர பூட்ஸால் தரையை மிதித்தார்கள். ஜாய்ஸ் சத்தம் போடக் கூடாது என்று சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

டிரிஃபி ஓட்டுப் போடும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். நீங்கள் என்னையும் உள்ளே போகச் சொல்வீர்கள். எழுத்தாளர்கள் எங்கேயும் நுழைகிறவர்கள்தான். நான் மாட்டேன். யார் யாருக்குப் போட்டார் என்று பார்க்கமாட்டேன் என்று காலையில் கையைத் தூக்கிச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆக, என் கதாநாயகி ஒரு நிமிஷம் என் கதையில் இல்லை.

7

பெட்டியைத் திறந்தபோது எண்பத்திரண்டு சீட்டு. தீவில் எண்பத்திரண்டு வாக்காளர்கள்தான். எம்.பி.க்கு மூன்று விழுந்திருந்தது. வாசித்தபோது அவர் கட்சி ஆள் இன்னொருமுறை எண்ணச் சொன்னார். எண்ணினோம். மூன்றுதான்.

கதைக்காக, எங்கள் எண்பத்திரண்டால்தான் அவர் தோற்றார் என்று எழுத ஆசை. பேனாவில் நாலு எண்ணை மாற்றினால் போதும். உண்மை என்னவென்றால், ஆயிரத்து எழுநூறு ஓட்டில் தோற்றார். எங்களைப் போலப் பல ஊரும் ஈர பூட்ஸோடு வந்திருக்கிறது. அரசாங்கமே போயிற்று. பிரதமர் தொலைக்காட்சியில் வந்து மக்கள் தீர்ப்பை ஏற்பதாகச் சொன்னார், பொறுப்பு என்ற சொல்லை மறுபடி சொன்னார். இம்முறை எங்களுக்கு அர்த்தம் புரிந்தது.

8

முடிவு எழுத வேண்டிய இடம். இரண்டு செய்து பார்த்தேன்.

ஒன்று: துறை கட்டப்படுகிறது, ரிப்பன் வெட்டுகிறார்கள். எனக்கே சிரிப்பு வந்தது.

இரண்டு: புதியவரும் வேலிதான் போடுகிறார். இது நடக்கக்கூடியது. ஆனால் இவ்வளவு தூரம் தண்ணீரில் நடந்து வந்தவர்களுக்கு நான் அதைச் செய்யமாட்டேன்.

மூன்றாவது, நடந்தது. தேர்தல் முடிந்து பதினோராம் நாள் புதிய எம்.பி. நன்றி சொல்லத் தீவுக்கு வந்தார். நானும் போயிருந்தேன். கடல் சும்மா இருந்ததால் சின்னப் படகு ஆலைக்குப் பின்பக்கத்துப் பாறை வரை வந்துவிட்டது. மேலே ஏற வழியில்லை. நண்டு தூக்கும் கிரேனில் நீலத் தொட்டியை இறக்கினார்கள். நல்ல கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக அந்த மனிதர் தொட்டிக்குள் ஏறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரே பாறைமேல். கிரேனில் டிரிஃபி. நண்டு வரிசைக்கு வருமுன் பதினாலு வருஷம் அதை ஓட்டியவள்.

தொட்டி மேலே வந்தது. பாதி வழியில் நின்றது. தண்ணீருக்கு இருபதடி மேலே எம்.பி. மெதுவாகச் சுற்றினார்.

"என்னாச்சு, பழுதா?" என்று கத்தினார்.

"பழுதெல்லாம் இல்லீங்க," என்றாள் டிரிஃபி. "கிரேன் நல்லா ஓடுது. துறை எப்போன்னு மட்டும் சொல்லுங்க."

கட்டாயம் கட்டுவோம் என்றார். தொட்டி அங்கேயே நின்றது. சீக்கிரமே என்றார். தொட்டி ஓரடி இறங்கியது. ஹெட்லி சட்டைப் பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார்.

"மே மாசம் வேலை தொடங்கும்," என்றார் எம்.பி.

"மேயில என்னிக்கு?"

இங்கே நான் கீழே இறங்கிக்கொள்கிறேன். நான் அந்தத் தீவை விட்டு வந்தவள். கரையில் இருந்துகொண்டு எழுதுகிறவளுக்கு இதற்குமேல் உரிமையில்லை. நீங்களும் ஓட்டுப் போட்டிருப்பீர்கள், எங்கேயாவது ஒரு வேலியைப் பார்த்திருப்பீர்கள். டிரிஃபி கை வலிக்கிறது என்கிறாள், கிரேனின் கைப்பிடியைக் கொஞ்சம் வந்து பிடியுங்கள். முன்னால் தள்ளினால் மேலே வரும், பின்னால் இழுத்தால் கீழே போகும். அவசரம் ஒன்றும் இல்லை. தேதி சொல்லட்டும்.