உறவினரல்லாத இருவர்

பேராதனையில் நான்கு வருடம் புள்ளிவிபரவியல் படித்த எனக்கு, சொந்தமில்லாத ஒருவரின் பெயரை எழுதத் தெரியவில்லை.

பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலை, உற்பத்தித் திட்டமிடல் பிரிவுக்குப் பயிலுநர் கேட்டிருந்தது. அது என் பத்தொன்பதாவது விண்ணப்பம். முந்திய பதினெட்டுக்கும் ‘விண்ணப்பம் கிடைத்தது’ என்றுகூட யாரும் பதில் போடவில்லை. இதுவும் போனால் தை பிறந்ததும் வத்தேகமவில் புடவைக்கடையில் நிற்கவேண்டியதுதான் என்று அம்மா சொல்லிவிட்டார்.

நற்சான்று சொல்ல இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் விரிவுரையாளர், சரி. மற்றவர் பத்து வருடமாவது என்னை அறிந்திருக்கவேண்டும், உறவினராக இருக்கக்கூடாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாய்ப் பதினெட்டு வீடு. பதினெட்டிலும் எனக்கு மாமாவும் அத்தையும் சித்தியும்தான். யார் இரத்த உறவு, யார் கூப்பிட்டுப் பழகிய உறவு என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தேன். கேவலமான வேலை அது.

திகனவில் தன் வீட்டுக் கணினியில் எனக்காக விண்ணப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்த தோழி ஸக்கியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“எங்கட வாப்பாட கூட்டாளி பேங்க் மெனேஜர். அவர்ட பேரப் போடுவமே, சந்திரிகா.”

“அவருக்கு என்னயத் தெரியுமா?”

“தெரியாதுதான். ஆனா மெனேஜர்தானே!”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இரத்த உறவில்லாத பக்கத்து வீட்டு வடிவம்மா அத்தையின் பெயரைச் சொன்னேன். தொழில், கொழுந்து பறித்தல். படிவத்தின் கடைசியில் என்னுடைய வேலை அனுபவத்தைக் கேட்டிருந்தார்கள். ‘இல்லை’ என்று போட்டு அனுப்பினோம்.

அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்த அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“போன் வந்தா, நீங்க எனக்குச் சொந்தம் இல்லேன்னு சொல்லணும் அத்தை.”

“அத்தைன்னு கூப்புட்டுக்கிட்டே சொந்தம் இல்லேங்கிறியே, புள்ள!”

“சொந்தம்னு சொன்னீங்கன்னா வேலை கெடைக்காது.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வேலைக்கு அப்போதே முழுக்குப் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார். அந்தப் பிரிவின் தலைவி. என் சான்றிதழ்களை அவர் தொடவே இல்லை. தன் கையால் குறிப்பெழுதிய இரண்டு தாள்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“வடிவம்மாவோடு இரண்டு நிமிடம் பேசலாம் என்று எடுத்தேன். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசிப் பேசி, இருபத்தைந்து நிமிடம் என்னை விடவில்லை” என்றார் சிங்களத்தில். “அனுபவம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தண்ணீர்க்குழாய் விஷயம் என்ன?”

நான் விழித்தேன். அவரே தாளைப் பார்த்துச் சொன்னார். லயத்துக்கு ஒரே குழாய். விடியற்காலையில் ஒரு மணித்தியாலம்தான் தண்ணீர். தினமும் குடுமிப்பிடிச் சண்டை. பன்னிரண்டு வயதில் நான் ஒரு மாதம் அங்கே குந்தியிருந்து, எந்த வீட்டு வாளி நிரம்ப எத்தனை நிமிடம் என்று கொப்பியில் குறித்தேனாம். பிறகு முறை எழுதி ஒட்டினேனாம். கொழுந்து பறிக்க முந்திப் போகிறவர்களுக்கு முதலிடம், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இரண்டு வாளி கூட, எங்கள் வீடு கடைசி. பதின்மூன்று வருடமாக அந்தக் குழாயடியில் சண்டையே இல்லையாம்.

சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நானே மறந்துவிட்டது அது. எங்கள் வீட்டைக் கடைசியில் போட்டதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். விடிந்தால் மலையேறி, இருட்டும்போது இறங்கி, சமைத்துப்போட்டுப் படுக்கிற ஒரு மனுஷி, என்னை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து வைத்திருந்தாரா? படிப்பு முடித்தவள் நான், கணக்கெடுத்தவர் அவர்.

“உங்களுக்கு உறவா என்று கேட்டேன்” என்று அந்தப் பெண்மணி சிரித்தார். “‘இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள், அதனால் இல்லை’ என்றார். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுதிருப்பார் போல.”

வேலை கிடைத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

“ஒனக்காகத்தான் அப்புடிச் சொன்னேன். இப்ப சந்தோசமா?” என்று கேட்டுவிட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலையில் சேர்ந்த அன்று இன்னொரு படிவம் தந்தார்கள். அவசரமென்றால் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று கேட்டிருந்தது. வடிவம்மா என்று எழுதினேன். அடுத்த கட்டம் உறவுமுறை. அதில் ‘அத்தை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.