தீபாவளிக்கு ஒரு பழந்துணி

"விடு புள்ள! கிழிஞ்சிறப் போவுது."

"கிழியட்டும் ஆத்தா. எப்பிடியும் நாசமாக்கத்தானே போற?"

மஞ்சள் பாவாடையின் ஒரு முனை நல்லம்மாவின் கையில், மறுமுனை மகள் பேச்சியின் கையில். அடுப்பில் காப்பித் தொலி போட்ட தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் தீபாவளி.

கண்டி மஹய்யாவச் சேரிக் குடிசையில் தை மாதமே பண்டிகைக்குத் திட்டம் போட்டவள் நல்லம்மா. கண்டிப் பட்டணத்துக் கக்கூசுகளை அள்ளிச் சுமக்கும் புருஷன் இருளப்பனுக்கு ஒரு வேட்டி. வயசுக்கு வந்த மகளுக்கு ஒரு பாவாடை. தனக்கென்று நினைத்த சேலையை ஆடியிலேயே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் ஒதுக்கியது போக, முஹைதீன் கடையில் அந்த மஞ்சள் பாவாடையை வாங்கினாள். இவ்வளவும் எந்தத் தாயும் செய்வதுதான். வாங்கியதைப் பழசாக்கவும் சேர்த்துத் திட்டம் போடுவது இவள் சாதிக்கு மட்டும் வந்த தலையெழுத்து. துணியில் கறை ஏற்றவே காப்பிக் கிட்டங்கிக் குப்பையிலிருந்து ஒரு கூடைத் தொலி பொறுக்கி வந்திருந்தாள்.

தீபாவளிக் காலையில், தாங்கள் கூட்டும் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழந்துணி வாங்க வேண்டும். அதைத் தானம் என்று தெரு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. போன வருஷம் சின்னமுத்துவின் பெண்டாட்டி புதுச்சேலையோடு போய் நின்றாள். "தோட்டிச்சிக்குத் திமிரப் பாரு" என்றது தெரு. சங்கதி நகரசபை ஓவர்சியர் காதுக்குப் போனது. அந்த மாதமே சின்னமுத்துவின் வாளியை வேறொருவன் தூக்கினான்.

"அப்ப எதுக்கு ஆத்தா புதுசு வாங்குன?"

நல்லம்மா பாவாடையைத் தன் பக்கம் இழுத்தாள். பெற்ற மனசு கேட்கவில்லை, வாங்கிவிட்டாள். பேச்சி கையை விட்டாள். பாவாடை கொதிநீருக்குள் போனது. கம்பால் அதைக் கிளறக் கிளற மஞ்சள் மங்கிப் பழுப்பேறியது.

மறுநாள் காலை, தெருவின் முதல் வீடான இராமநாதன் முதலாளி வீட்டுக் கொல்லைப்புறத்தில் தாயும் மகளும் நின்றார்கள். பேச்சியின் இடுப்பில் சேற்று நிறப் பாவாடை. முதலாளியின் மனைவி படியில் நின்றபடியே, மகள் உடுத்திக் கழித்த பச்சைப் பாவாடை ஒன்றை மண்ணில் போட்டாள்.

"இத உடுத்துக்கடி. நல்ல நாளும் அதுவுமா கந்தலைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறியே. ஒரு பாவாட வாங்கிக் குடுக்க ஒங்க ஆத்தாளுக்குத் துப்பில்லையா?"

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நல்லம்மாவுக்குச் சின்னமுத்துவின் கதி நினைவில் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்தக் குனிந்த தலையை அவளால் பொறுக்க முடியவில்லை.

"கந்தல் இல்லீங்கம்மா," என்றாள். "புதுசு. முஹைதீன் கடையில நான் வாங்குனது. ஒங்க கண்ணுக்கு ஆகாதுன்னு நாந்தான் அவிச்சுப் பழசாக்குனேன்."

மண்ணில் கிடந்த பாவாடையை நல்லம்மா எடுக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். இருளப்பனுக்கு இனி எத்தனை நாள் வேலையோ, தெரியாது. தெருவில் இன்னும் பதினொரு வீடுகள் காத்திருந்தன.

"அடுத்த வீட்டுக்கா ஆத்தா?"

"இல்ல தாயி. நம்ம வீட்டுக்கு."